குனிந்து பார்க்காதவன்

பழைய வாகனத்தைத் திருத்தப்போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதல் வேலையாகப் பெயின்ட் வாங்கிவிடுகிறார்கள். முப்பது வருடமாகப் பார்க்கிறேன். அடிச்சட்டத்தின் இரும்பைக் கறள் தின்றிருக்கும், கால் வைக்கிற தகட்டின் ஓட்டை வழியாக றோட்டுத் தெரியும், ஆனால் சிவப்பா நீலமா என்பதில்தான் வீடே இரண்டு கட்சியாக நிற்கும். பிறகு முன்கண்ணாடியில் மாதா படம், பின்னால் பிள்ளைகளின் பெயர். கீழே குனிந்து பார்ப்பவன் நூறில் ஒருவன்கூட இல்லை.

நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை, ஐயா. நானாகத்தான் பொலிசுக்கு வந்தேன். மரியதாஸின் விபத்தைப் பற்றி வாகனப் பரிசோதகர் எழுதிய அறிக்கையில் ஒரு வரி பிழை. அதைத் திருத்த வேண்டுமென்றால் முழுவதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

என் பெயர் றெனால்ட். மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாய் றோட்டில் கராஜ் வைத்திருக்கிறேன். மரியதாஸ் அதே ஊர், மீன் வியாபாரி, என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அவனிடம் ஒரு பழைய ஜப்பான் பிக்கப் இருந்தது. மீன் பெட்டியிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீர் எந்த வாகனத்தையும் ஐந்து வருடத்தில் அரித்துவிடும். அவனுடையது நாற்பது வருடம் கடந்தும் ஓடியதென்றால் அது என் கையால்தான். அவனுக்கு அதில் தெரிந்தது இரண்டே விஷயம், சாவி போடும் இடமும் ஹோர்ன் அடிக்கும் இடமும்.

அதே வகைப் பிக்கப் ஒன்று எனக்கும் கிடைத்தது. உடை மரத்துக்குக் கீழே எட்டு வருடம் நின்றது. ஊர்க் கழுதைகள் வெயிலுக்கு அதன் நிழலில் ஒதுங்கும், ஒன்று உள்ளேயே ஏறிப் படுக்கும். கயிறு கட்டி அதைக் கராஜுக்கு இழுத்து வந்த அன்று மரியதாஸ் றோட்டில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"என்னடா மச்சான், கழுதையளுக்கு வீடு கட்டிக் குடுக்கப்போறியோ?"

சிரிக்க ஆள் கிடைத்தால் நம் சனத்துக்கு வேறென்ன வேண்டும். அன்றிலிருந்து என் பிக்கப்புக்குக் கழுதை வீடு என்று பெயர். நானும் அந்த இடத்திலேயே ஒரு வார்த்தை சொன்னேன். புதுச் சாமான் ஒன்றுகூட வாங்காமல் இதை ஓட வைத்து, ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்குக் கொண்டுபோவேன் என்றேன். சொன்னால் செய்கிறவன் நான். ஊரில் அப்படி வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

செய்தும் காட்டினேன். கால் வைக்கிற தகடு முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு எண்ணெய்ப் பீப்பாவின் தகட்டைத் தட்டி விரித்து ஒட்டினேன். கறள் தின்ற மட்கார்டுகளுக்கு, உடைந்த வள்ளத்துக்குப் பூசுகிற பைபரை வைத்துப் பூசித் தேய்த்தேன். பின்பெட்டிக்குள்ளும் அதே பைபர்தான். மூலையில் ஒரு குழாய் வைத்து, மீன் தண்ணீர் அச்சில் படாமல் வெளியே விழும்படி செய்தேன். இந்தத் தீவில் இத்தனை வாகனம் ஓடுகிறது, அந்தக் குழாயை யோசித்தவன் ஒருவன் உண்டா? கைபேசியில் வீடியோ பார்த்து ஸ்பானர் பிடிக்கிற பொடியன்களுக்கு விளக்கு மாட்டத்தான் தெரியும். கழித்த பஸ்ஸின் இருக்கையை வெட்டிப் பொருத்தினேன். எஞ்சினை மூன்று முறை பிரித்துப் பூட்டினேன். எல்லாம் பழைய சாமான், எல்லாம் என் வேலை.

பிரேக் மட்டும் மிச்சம் இருந்தது. மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளுகிற பெரிய சிலிண்டரும், சில்லுகளுக்குள் இருக்கிற சின்னச் சிலிண்டர்களும் உள்ளே குழி விழுந்து போயிருந்தன. அதைத் தேய்க்கவும் முடியாது, ஒட்டவும் முடியாது. எருக்கலம்பிட்டியில் பழைய வாகனச் சாமான் விற்கிற சனூனிடம் போனேன். அவன் கடையில் இல்லாத பழசு இல்லை. ஆனால் பிரேக் என்றதும் தலையை ஆட்டினான்.

"பழைய பிரேக் சாமான் நான் யாருக்கும் குடுக்கிறேல்லை அண்ணன். அது உசிரோட விளையாடுற வேலை. பத்து நாள் பொறுங்கோ, புதுசு எடுப்பிச்சுத் தாறன்."

ஒழுக்கம் படிப்பிக்க வந்துவிட்டான். பத்து நாள் பொறுத்தால் திருவிழா முடிந்துவிடும். புதுசு வாங்கினால் என் வார்த்தை போய்விடும். மரியதாஸ் அதை வைத்தே ஒரு வருடம் பிழைப்பான்.

எங்கள் பக்கத்தில் திருவிழாவுக்குப் போகிற வாகனங்களுக்கெல்லாம் முதலில் ஒயில் அடிப்பது வழக்கம். எஞ்சினில் இருந்து கழித்த ஒயிலை வாகனத்தின் அடிப்பாகம் முழுவதும் விசிறிவிடுவோம். உப்புக் காற்றுக்கு அதுதான் கவசம். ஒயில் அடித்தபின் கீழே எல்லாம் ஒரே கறுப்பு. எது புதுசு, எது பழசு, எந்த நட்டு நேற்றுக் கழற்றியது என்று யாருக்கும் தெரியாது. பிறகு கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பங்குச் சுவாமியாரைக் கொண்டு தீர்த்தம் தெளிப்பிப்பார்கள். அவரும் மேலே மட்டும்தான் தெளிப்பார்.

ஒயில் அடிக்க மரியதாஸ் தன் பிக்கப்பை இரண்டு நாளைக்கு என்னிடம் விட்டான். ஆனி மாதம்தான் அவனுக்குப் பிரேக் முழுவதும் புதிதாக மாற்றிக் கொடுத்திருந்தேன். என் கையால் பூட்டியவை, எனக்கு ஒவ்வொன்றும் தெரியும். விடும்போது கேட்டேன், குனிந்து பார்த்து எடுக்கிறாயா என்று.

"நீ பாத்தாப் பிறகு நான் என்னத்துக்கு மச்சான் குனியிறது?" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

அவன் சாமானைக் கழற்றி என் வண்டிக்குப் பூட்டினேன். என் பழசை அவன் வண்டிக்குப் பூட்டினேன். ஒரே வகை என்பதால் ஒன்றையும் அராவ வேண்டியிருக்கவில்லை. களவு என்று எழுதாதீர்கள். இரவல்தான் எடுத்தேன். மறுநாள் காலை என் பிக்கப்பைத் தகுதிப் பரிசோதனைக்குக் காட்டவேண்டியிருந்தது. காட்டிவிட்டுப் பின்னேரமே திருப்பிப் பூட்டுவதாகத்தான் எண்ணம்.

பரிசோதனையில் பிரேக்கைப் பார்த்தவர், பழைய வண்டிக்கு இப்படி ஒரு பிரேக்கா என்று கேட்டார். எனக்குச் சந்தோசமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். மன்னாரிலிருந்து நேரே கீரிக் கடற்கரைக்குப் போய் மணலிலும் தாரிலும் ஓட்டி ஓட்டி நிறுத்தினேன். சாமானை மாற்றிப் பூட்ட நேரம் தாராளமாக இருந்தது. பின்னேரம் நாலரைக்கு ஊருக்குள் வந்தேன்.

மீன் வாடிக்கு முன்னால் மரியதாஸ் ஏழெட்டுப் பேரோடு நின்றான். என்னைக் கண்டதும் றோட்டின் நடுவில் வந்து கையை விரித்தான்.

"நிப்பாட்டு பாப்பம்! நிண்டால் கழுதை வீட்டுக்கு நானே மாலை போடுறன்!"

நான் வேகத்தைக் குறைக்கவில்லை. அவன் நகரவும் இல்லை. கடைசியில் மிதித்தேன். அவன் முழங்காலுக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அவன் குனிந்து அந்த இடைவெளியைக் கையால் அளந்து பார்த்துவிட்டுக் கைதட்டினான்.

"மாதாவே, கழுதை வீடு நிண்டிட்டுது!"

அன்று அவனைக் காப்பாற்றியது அவனுடைய பிரேக்தான். அது எனக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லோரும் சிரித்தார்கள். ஏழு மாதம் ஒருவன் வெயிலில் கிடந்து உருவாக்கியதற்கு இந்த ஊர் கொடுக்கிற மரியாதை அவ்வளவுதான்.

கராஜுக்குத் திரும்பி அவன் பிக்கப்பைப் பார்த்தேன். அரை நாள் வேலை. ஸ்பானர் கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நான் ஒயில் பீப்பாவைத் திறந்து அவன் வண்டிக்குக் கீழே விசிறத் தொடங்கினேன். நட்டுகளில் விழுந்த ஸ்பானர்த் தடங்களுக்கு மேலே இரண்டு தரம் அடித்தேன்.

சிலிண்டர்களுக்குள் எண்ணெயை அடைத்துப் பிடிக்கிற பழைய றப்பரின் குணம் எனக்குத் தெரியும். முதல் சில மிதிகளுக்கு மரியாதையாக நடந்துகொள்ளும். சூடு ஏறியபின் ஒரு மிதியில் கைவிட்டுவிடும். மரியதாஸ் காலையில் வந்து வண்டியை எடுத்தபோது கராஜுக்குள்ளேயே ஒருதரம் மிதித்துப் பார்த்தான். பிடித்தது. திருப்தியாகத் தலையை ஆட்டினான். பின்பெட்டியில் அவன் மனைவி கிருஷாந்தியும் சொந்தக்காரர் ஆறு பேரும் இருந்தார்கள். மடுவில் கொட்டில் போடுவதற்கான தடிகளையும் தறப்பாளையும் சமையல் பானைகளையும் நான்தான் தூக்கி ஏற்றிக் கொடுத்தேன். நீயும் எங்களோடு வாவன் என்று கிருஷாந்தியின் தாய் கேட்டார். என் வண்டியில் பின்னால் வருகிறேன் என்றேன்.

அப்படித்தான் வந்தேன். அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். தீவை விட்டு வெளியேறுகிற பாலத்துக்கு முன்னால் நாலைந்து கழுதைகள் றோட்டுக்குக் குறுக்கே நின்றன. அவனுடைய பின்விளக்கு எரிந்தது, ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். வண்டி வேகம் குறையவில்லை. கழுதையில் மோதாமல் இருக்க வண்டியை ஒரு பக்கம் வெட்டினான். கரையை விட்டிறங்கிக் கல்லில் அடித்துப் புரண்டது. நான் அதற்குப் பின்னால் அழகாக நிறுத்தினேன். கழுதைகள் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மரியதாஸ் அங்கேயே முடிந்துவிட்டான். கிருஷாந்தியின் கை முறிந்தது. அவள் தாய் இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவர்களைக் கொண்டுபோனது என் வண்டிதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சவப்பெட்டியைச் சேமக்காலைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்ய ஊர்ச் சவ வண்டியைச் சொல்லியிருந்தார்கள். கிருஷாந்திதான் கட்டுப்போட்ட கையோடு என்னிடம் வந்தாள்.

"அவரை உங்கட வண்டியில கொண்டுபோங்கோ அண்ணை. செத்த வண்டிக்கு உயிர் குடுத்திட்டான், இந்தத் தீவிலேயே அவனைப்போல வேலைகாரன் இல்லையெண்டு அண்டைக்கு வீட்டை வந்து எவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தவர் தெரியுமோ? இதை உங்கட வண்டிக்கெண்டுதான் வாங்கி வச்சவர். மடுவில வச்சுப் போடுவமெண்டவர்."

கடதாசியில் செய்த ஒரு மாலை. மலிவுச் சாமான், ஒரு மழைக்குத் தாங்காது. செத்த வீட்டில் சனம் இப்படித்தான் ஏதாவது சொல்லும். நான் அதை வாங்கி முன்னால் கட்டினேன். அவனைப் பின்பெட்டியில் ஏற்றினோம். சேமக்காலை வாசலில் ஒரு பிள்ளை குறுக்கே ஓட, மிதித்தேன். வண்டி அந்த இடத்திலேயே நின்றது. பெட்டி ஒரு விரற்கடைகூட நகரவில்லை. மாலை மட்டும் கொஞ்சம் ஆடியது. கூட வந்தவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். அன்றைக்கு ஒருவரும் கழுதை வீடு என்று சொல்லவில்லை.

இதோடு முடிந்திருக்கும். போன கிழமை பரிசோதகரின் அறிக்கையைக் கிருஷாந்தி கொண்டுவந்து, வாசித்துச் சொல்லுங்கோ அண்ணை என்று நீட்டினாள். ஒயிலைத் துடைத்துக் கீழே குனிந்து பார்த்திருக்கிறார், அந்தளவில் அவரை மதிக்கிறேன். ஆனால் எழுதியிருப்பது என்ன? தேய்ந்த சாமான்களை, பழக்கமில்லாத ஒருவர், அவை தேய்ந்தவை என்று அறியாமல் பூட்டியதால் விபத்து என்று. பழக்கமில்லாத ஒருவர். அறியாமல்.

அந்த வரியை நான் கிருஷாந்திக்கு வாசிக்கவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இந்தத் தீவில் அந்தச் சிலிண்டர்களைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டக்கூடியவன் நான் ஒருவன்தான். எந்த றப்பர் எத்தனை மைல் தாங்கும் என்று எனக்குத் தெரியும். பாலத்தைத் தாண்டி முருங்கனுக்குப் போகுமுன் கைவிடும் என்று நினைத்தேன், பாலத்துக்கு முன்பே விட்டது. பிசகியது அவ்வளவுதான். அறிந்துதான் பூட்டினேன், ஐயா. அவன் அதில் ஏறுவான் என்றும், அவனுக்குப் பின்னால் ஏழு பேர் இருப்பார்கள் என்றும் அறிந்துதான் அப்படியே விட்டேன். அறியாமல் என்ற சொல்லை வெட்டிவிட்டு என் பெயரை எழுதுங்கள்.

என் பிக்கப் வெளியே உங்கள் வளவில் நிற்கிறது. மாலையை இன்னும் கழற்றவில்லை. வண்டியை இனி நீங்கள் எங்காவது எடுத்துக்கொண்டுபோய் நிறுத்துவீர்கள். ஓட்டுகிற பொலிஸ்காரரிடம் பிரேக்கை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். தொட்டவுடனே பிடிக்கும், என் வண்டியின் பிரேக் அப்படி.