ஆத்தாளிடம் பூக்கேட்ட நாள்

செவ்வரளியை வெயில் ஏறுமுன் பறித்துவிட்டால், இலைக்குள் வைத்துக் கட்டினாலும் வாடாது. அதனால்தான் அன்று சீக்கிரம் எழுந்தேன்.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே இருக்கும் அந்த இரண்டு ஏக்கர், அப்பா அடுத்தவர் தோட்டங்களில் பாடுபட்டு வாங்கியது. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவள். யாரோடும் பேச வராது. சோளக்காட்டுக்குள் நின்றால் பேச வேண்டியதில்லை. சுற்றிலும் எல்லாரும் விற்றுவிட்டார்கள். தென்னைகளை வெட்டிச் சாய்த்து மனைக்கல் நட்டார்கள். எங்களுடையது மட்டும் மிஞ்சியது.

புரோக்கர் நரசிம்மலு வந்துகொண்டே இருந்தார்.

“ஏனுங்க, ஆத்தாளைக் கேட்டுச் சொல்றேன்னீங்க. அவளும் தாலுகா ஆபீசாட்டம் இழுத்தடிக்கறாளா?”

“கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க. அவ வாக்கு இல்லாம மண்ணை விக்க மாட்டனுங்க,” என்றார் அப்பா.

பூக்கேட்பது எளிது. வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். அம்மன் முன் வைத்து, ஒரு சிறுபிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் விற்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. கட்டும் வேலையை அப்பா என்னிடம் கொடுத்தார். இரண்டிலும் சிவப்பையே வைத்தேன்.

எடுத்தது என் தங்கை எழில். ஏழு வயது.

“எதைக்கா எடுக்கோணும்?”

“உனக்குப் புடிச்சதை எடு கண்ணு.”

நாலு எட்டு நடப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாரித்திருந்தது. இதயத்தில் ஓட்டை. அந்த ஆபரேஷனுக்காகத்தான் நிலத்தை விற்க இருந்தோம். எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். இனித் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். டாக்டர்கள் சொல்வதெல்லாமா நடக்கிறது?

சிவப்பைப் பார்த்ததும் அப்பா கீழே உட்கார்ந்துவிட்டார். பிறகு கடன் கேட்டுத் தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் நடந்தார். ஒன்றும் ஆகவில்லை. தை பிறக்குமுன் எழில் போய்விட்டாள்.

அடுத்த கோடையில் புதுவீட்டுக்காரர்கள் போர் போட்டார்கள். எங்கள் கிணறு வற்றியது. இப்போது தோட்டம் முழுக்க வேலிகாத்தான் மண்டிக் கிடக்கிறது. அப்பா அந்தப் பக்கமே வருவதில்லை. ஆத்தா ஏமாற்றிவிட்டாள் என்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

அந்தப் பக்கத்தில் எஞ்சிய ஒரே தோட்டத்தைக் காப்பாற்றியது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அது மட்டும்தான் எனக்குச் சற்று வருத்தம்.