சாய்த்துப் பிடித்த கைக்கு

தோள் வலிக்கு வெந்நீர்ப் பை, மணிக்கட்டு வலிக்கு இறுக்குப் பட்டை என்று இருபத்தொன்பது ஆண்டு உழைப்பையும் உடம்பிலேயே எழுதிக்கொண்டு இன்று விடைபெறும் எங்கள் உயிரணுக் கூடத்தின் உயிரே! உயிரணுக்களுக்கு விடுமுறை நாளிலும் பசிக்கும் என்று ஓடிவந்து ஓடிவந்தே ‘ஞாயிற்றுக்கிழமை அக்கா’ என்று பெயர் வாங்கியவரே! வணக்கம்.

மூட்டை சுமந்தவர்களும் கல் உடைத்தவர்களும் பெற்ற பிள்ளைகள் நாங்கள். அலங்காரம் அளவாகத்தான் வரும். இந்த மடலை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து மூன்று முறை ஆள் வந்தது. காட்டவில்லை.

கண்ணாடித் தட்டில் நீங்கள் வளர்த்த இதயத் தசை, கட்டைவிரல் நகத்தளவு துண்டு, ஒரே சீராகத் துடித்த நாள் எங்களுக்கு நினைவிருக்கிறது. உயிரிப் பொறியியல் துறைக்கு விருது வந்தது. படம் எடுக்கும்போது, “அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க, வெளிச்சம் மறைக்குது” என்றார்கள். தள்ளிக்கொண்டீர்கள். அதுகூடப் போகட்டும்.

ஆய்வுக் கட்டுரையில் பேராசிரியர் செய்முறை எழுதும்போது, “சார், உயிரணுவுக்கு உணவு நீரை நான் சும்மா ஊத்துறதில்லை. தட்டைச் சாய்ச்சுப் பிடிச்சு, ஓரமா வழிய விடுவேன். அதையும் எழுதுங்க” என்று சொன்னீர்களே! “ஊத்துறதுன்னா ஊத்துறதுதாம்மா, அதுல என்ன எழுதக் கிடக்கு?” என்று பதில் வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்று காதால் கேட்டவர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள்.

கட்டுரையை நம்பி மற்ற ஆய்வகங்கள் ஊற்றின. தசை வளர்ந்தது, ஆனால் ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு பக்கம் இழுத்துத் துடித்தது. பொய் சொன்னீர்களா என்று உலகம் கேட்டதும், விருது வாங்கிய கைகள் எல்லாம் உங்களை நோக்கி நீண்டன. பதிவுகளைத் தவறாகக் குறித்த ஊழியர் என்று உங்களுக்குக் குறிப்பாணை! தண்ணீர்க் குழாயைக்கூட இரண்டு முறை திருகிப் பார்த்துவிட்டுப் போகிற உங்களுக்கு! அன்று மாலையும் உயிரணுக்களுக்கு உணவு மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனீர்கள்.

உங்களை விசாரித்தவர்கள் ஐந்து பேர். கேட்க வேண்டியதைக் கேட்டவர் ஒருவர்தான்: மேல்மாடிக் கணிதப் பேராசிரியை. “நீங்க எப்படி ஊத்துவீங்க, ஒரு தடவை காட்டுங்களேன்” என்று பாகைமானியோடு வந்து நின்றார். ஏழு பாகை. “என் கைக்குள்ள கணக்கு இருக்குன்னு எனக்கே தெரியாதே மேடம்!” என்று நீங்கள் சிரித்த சிரிப்பு மாடிப்படி வரை கேட்டது. மெல்ல வழியும் நீர் உயிரணுக்களை ஒரே திசையில் படுக்க வைக்கும் என்று அவருடைய சமன்பாடு சொன்னது. கீழ்த்தள இயற்பியல்காரர்கள் லேசர் ஒளி பாய்ச்சிப் பார்த்தார்கள். சீவிய தலைமுடிபோல உயிரணுக்கள் வரிசையாகக் கிடந்தன. கணிதம் ஒப்புக்கொண்டது, இயற்பியல் ஒப்புக்கொண்டது. ஏழு பாகை என்று திருத்தி எழுதிய பிறகு மற்ற ஆய்வகங்களிலும் தசை ஒழுங்காகத் துடிக்கிறது.

குறிப்பாணை மட்டும் உங்கள் பணிப்பதிவேட்டில் அப்படியே கிடக்கிறது.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே! போன வாரம் நாங்கள் வந்து கேட்டபோது, “பழைய விஷயம், விடுங்கப்பா. ஓய்வு பெறுற நேரத்துல அதை எதுக்குக் கிளறுறீங்க?” என்றீர்கள். ஓய்வு பெறுவதால்தான் கிளறுகிறோம். இன்று ஐந்து மணிக்கு அந்தப் பதிவேட்டை மூடினால், பொய்க்காரி என்ற சொல்லோடுதான் எங்கள் அக்கா வாசலைத் தாண்டுவார். மூன்று தளத்து அறிவும் சேர்ந்து நிரூபித்த ஒன்றை ஒப்புக்கொள்ள உங்களுக்கு ஒரு பேனா போதாதா?

அக்கா! இனி ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உங்களுடையது. தோள் வலி தணிந்து, மணிக்கட்டுப் பட்டையை மூலையில் வீசிவிட்டு, நெடுங்காலம் நிம்மதியாக உறங்கி எழுங்கள். இந்த மடலை மாட்டிய சட்டத்தில் கீழ்ப்பாதியை இன்னொரு தாளுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம். கண்ணாடி கழற்றி மாட்டும் வகைதான்.

இங்ஙனம்,
கண்ணாடிக்கலம் கழுவுவோர், மின்பணியாளர், கிடங்குக் காப்பாளர், மின்தூக்கி இயக்குபவர், உயிரணுக் கூட உதவியாளர்கள்.

நிலுவை: குறிப்பாணையை நீக்கி, தவறு அக்காவுடையதல்ல என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாள். தர வேண்டியவர்: இயக்குநர்.