மருமக வச்ச பேரு

…இல்ல, நீயே சொல்லு கண்ணு. உன் மாமியாருக்கு சமோவார்னு பேரு வைப்பியா நீ? டீத்தண்ணி கொதிக்கிற பித்தளைப் பாத்திரம்! என் மருமக வச்சிருக்கா. வச்சதோட விட்டாளா? பாட்டாக் கட்டி, ஆல்பமா வெளியிட்டுட்டா. அவளோட முதல் ஆல்பம், அதுல முதல் பாட்டே நான்! பிஷ்கெக்ல எந்தக் கடைக்குள்ள போனாலும் அதுதான் ஓடுது. இதோ, இந்த ஷேர் டாக்சி டிரைவர் கூட… ஐயோ, நிறுத்தாதப்பா. சும்மா சொன்னேன். ஓடட்டும்.

பூர்சோக் எடுத்துக்கோ. நானே மாவு பெசஞ்சு பொரிச்சதுதான்.

பெர்மெத்னு பேரு அவளுக்கு. கோமுஸ் வாசிப்பா. மூணே கம்பி, அதுல என்ன பெரிசா… சரி, நல்லாத்தான் வாசிப்பா, பொய் சொல்லக் கூடாது. ஆனா பதிவு பண்ண எங்க போனாங்கிற? எங்க மாட்டுக் கொட்டாய்க்கு! அங்கதான் சத்தம் நல்லா விழுதாம். நடுவுல மாடு கத்துது, அதையும் அப்படியே விட்டுட்டா. பேப்பர்ல ஒருத்தன் எழுதறான், ‘அந்த மாட்டின் குரலில் ஒரு தேசத்தின் தனிமை’ன்னு. அடப்பாவி, பால் கறக்க நேரமாச்சுன்னு கத்துச்சுடா அது!

என்ன சொல்லிட்டிருந்தேன்… ஆங், பேரு. கல்யாணமாகி வந்தன்னைக்கே சொல்லிட்டேன், மாமனார் மாமியார் பேரை மருமக வாயால சொல்லக் கூடாது, வேற பேரு வச்சுக்கோன்னு. நானும் அப்படித்தானே இருந்தேன்? என் மாமியாரை ‘வெள்ளைத் தலைப்பா’ன்னு எவ்ளோ மரியாதையாச் சொல்லுவேன்! இவளைப் பாரு. எங்க வீட்டுக்காரருக்கு என்ன வச்சா தெரியுமா? ‘சாயங்கால மலை’! நாள் பூரா படுத்துக் கெடக்கிற மனுஷன், அவரு மலை. விடியறதுக்கு முன்ன எழுந்து அடுப்பு மூட்டுறவ நான், நான் சமோவார்!

‘விடியுமுன்னே புஸ்ஸுங்கும், மூடி துள்ளும், கிட்டப் போனா சுட்டுடும்’… சிரிக்காத. உதட்டைக் கடிச்சாலும் தெரியுது எனக்கு. கடைசியில ‘அது ஆறிப்போனா வீடே குளிரும்’னு ஒரு வரி வருது. அது பரவால்ல. ஆனா அதை எவன் பாடறான்? எல்லாப் பயலும் புஸ்ஸு புஸ்ஸுங்கிறானுங்க.

என்ன கேட்ட? அது நான்தான்னு ஊருக்கு எப்படித் தெரியும்னா? …நான்தான் சொன்னேன். பின்ன? எதிர்வீட்டு உருல்சா, அது தன்னைப் பத்தின பாட்டுன்னு சந்தை பூராச் சொல்லிட்டுத் திரியறா! அவளுக்கு எங்கடி மூடி துள்ளுது? அவளே ஆறிப்போன டீ!

இன்னிக்கு சாயங்காலம் நாரின்ல, பெரிய மண்டபத்துல பாடறா. எங்க ஜில்லா, எங்க சொந்தபந்தம். போன வாரமே மகனைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன், ‘தாலாய், அந்தப் பாட்டு அங்க கேட்டுச்சோ, நான் எழுந்து போயிருவேன், அப்பறம் உனக்கு அம்மா இல்ல’ன்னு. கார்ல ஏறும்போது போன் பண்றான். ‘அத்தை சொன்னா சரிதான், பாடல’ன்னுட்டாளாம்.

பாடலையாம்!

எப்பவாவது என் பேச்சைக் கேட்டிருக்காளா? ரொட்டியைக் கவுத்து வைக்காதடின்னா கேட்டாளா? இதை மட்டும் ஒரே வார்த்தையில கேட்டுட்டா. எதுத்து ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாமில்ல? பிடிவாதம் பிடிச்சிருக்கலாமில்ல? முன்வரிசையில இடம் எனக்கு. புது வெல்வெட் சட்டை தைச்சு வச்சிருக்கேன். சொந்தக்காரங்க எல்லாரையும் நான்தான் வரச் சொன்னேன். உருல்சாவும் வரா! பாட்டு இல்லைன்னா அவ என்ன சொல்லுவா? ‘பாத்தீங்களா, அது இவ இல்ல’ன்னுதான் சொல்லுவா.

நானே போய், பாடுடின்னு சொல்ல முடியுமா? மாமியார் இல்லையா நானு? அதான் கண்ணு… நீ நாரினுக்குத்தானே போற? ஒண்ணும் வேணாம். மண்டபத்துல கடைசியில நின்னு ‘சமோவார் பாடு!’ன்னு ஒரே ஒரு கத்து. மத்தவங்க தானாப் பிடிச்சுக்குவாங்க. அவ மாட்டேன்னா, இன்னொரு கத்து…

என்ன, கோச்கோர்லயே எறங்கறியா? நாரின்னுதானே சொன்ன? ஏம்மா, பூர்சோக்கையாவது… போயிட்டா. கதவைக் கூட சாத்தல.

வாப்பா, ஏறு. இங்க உக்காரு, நல்ல இடம். நாரினுக்குத்தானே? …ஏன் தம்பி, உனக்குத் தொண்டை எப்படி, கணீர்னு இருக்குமா?