நிமிஷத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறு சுற்று

பால் காய்ச்சும்போது அடுப்பை விட்டு நகரக் கூடாது. மந்தைவெளியில் எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை. தினமும் காலையில் என் கணவர் ஆசிஃப் வாசலில் டிரக்கை ஸ்டார்ட் செய்வார். ஜன்னல் கம்பி அதிரும். அலமாரியில் தம்ளர்கள் ஊர்ந்து விளிம்புக்கு வரும். நான் அவற்றைப் பிடிக்க ஓடுவேன். பால் பொங்கிவிடும்.

அது பழைய அமெரிக்க பிக்கப். ஆட்டோமேட்டிக் கியர். எஞ்சினுக்கு வேகம் கூட்டப் பெரிய கேம்ஷாஃப்ட் என்ற தண்டை வாங்கிப் போட்டதிலிருந்துதான் இந்த அதிர்வு. ஆசிஃப் அதை "ராணி" என்று கூப்பிடுவார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் என்னைக் கூப்பிட்டதெல்லாம் "இந்தா". இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வண்டிக்கும் ஒரு பெயர் வேண்டும்தானே.

மெக்கானிக் ஹஸன், ஆசிஃபோடு பள்ளியில் படித்தவர். என்னை அண்ணி முறையில் பாபி என்பார். அவர்தான் எனக்கு விளக்கினார்.

"பாபி, இந்த கேம் போட்ட எஞ்சினு மெதுவா ஓட சொல்லோ தள்ளாடும். எஞ்சினையும் கியரையும் சேக்கிற கன்வெர்ட்டரு அப்பவே புடிச்சி இழுத்தா ஆஃப் ஆயிடும். லேட்டா புடிக்கிறது வோணும். நிமிஷத்துக்கு ரெண்டாயிரத்தி எட்நூறு சுத்து. நம்பர்தான் முக்கியம்."

வெளிநாட்டுக் கடைக்கு ஆர்டர் எழுதுவது என் வேலை. ஆயிரத்து இருநூறு என்று எழுதினேன். கெட்ட எண்ணம் கிடையாது. வண்டி கொஞ்சம் அடங்கி இருக்கட்டும் என்று நினைத்தேன். பார்சல் வந்ததும், எண் போட்டிருந்த சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். வீடு சுத்தமாக இருக்க வேண்டும்.

கன்வெர்ட்டரை மாட்டிய மறுநாள் லஸ் சிக்னலில் பிரேக் போட்டு நின்றதும் வண்டி செத்தது. பின்னால் மூன்று பஸ். ஆசிஃப் இறங்கித் தள்ளினார், நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

"இன்னா நைனா, யானைய நடத்திக்கினு போறியா?" என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

ஆசிஃப் மூச்சு வாங்க ஜன்னலோரம் வந்தார். "நாஸியா, கண்ணு, கொஞ்சம் லெஃப்ட்ல ஒடிம்மா."

கண்ணு என்றார். அன்று வண்டி நான்கு இடங்களில் செத்தது. நான்கு இடங்களிலும் சொன்னார்.

பழி ஹஸன் பாய் மேல் விழுந்தது. ஆசிஃப் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ஒரு நாள் ஆசிஃப் வெளியே போயிருந்தபோது வண்டியைப் பார்க்க வந்த அந்த மனிதர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதார்.

"நாலு வாட்டி புக்கப் பாத்துட்டுதான் சொன்னேன் பாபி. எனக்கு மூளை கீதா இல்லியான்னே தெர்ல."

"விடுங்க பாய், மறதி எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன். அவர் தட்டில் பிரியாணியோடு நல்ல கறித்துண்டாகப் பார்த்து வைத்தேன். பட்டறையை மூடிவிட்டு ஜூஸ் கடை போடப்போவதாகச் சொன்னார். ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதை நானே விசாரித்துச் சொன்னேன். அவர் என் கையைப் பிடிக்காத குறையாக நன்றி சொன்னார்.

போன வாரம் ஆசிஃப் வேறொரு கன்வெர்ட்டர் வாங்க முடிவு செய்தார்.

"இனிமே அவன நம்ப மாட்டேன், கண்ணு. நீயே பாத்து எழுது. உன்னத்தான் நம்பிக்கினு கீறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதோ அவசரத்தில் நேர்ந்த தவறு என்று இந்த முறை யாரும் சொல்ல முடியாது. ஆயிரத்து இருநூறு என்று எழுதி, இரண்டு தடவை சரிபார்த்த பிறகுதான் அனுப்பினேன்.