லிஃப்ட் நிற்கிற கணக்கு

“ஒன் வேல மூளைக்கா, வெரலுக்காமா?”

தங்கவயலிலிருந்து பெங்களூர் வரும் காலை ரயிலில், எனக்கு எதிரே இருந்தவர் மகளிடம் கேட்டார். தங்கச் சுரங்கம் மூடும்வரை, ஆட்களைக் கூண்டில் இறக்கி ஏற்றும் இயந்திரத்தை ஓட்டியவர் அவர். மகள் கம்ப்யூட்டர் இன்ஜினியர்.

“லிஃப்டுக்கு புரோகிராம் எழுதறேன்பா. எங்க வேகத்தக் கொறைக்கணும்னு அதான் சொல்லும்.”

“அதுக்கு எதுக்கு அவ்ளோ கணக்கு படிச்ச?”

“சட்டுனு கொறைச்சா உள்ள இருக்கறவங்களத் தூக்கிப் போடும். வேகம் நொடிக்கு நொடி எப்படி மாறுதுன்னு கணக்குப் போடணும். காலேஜ்ல படிச்ச கால்குலஸ்தான்.”

“நான் கயித்துல பெயின்ட் குறியப் பாத்து நிறுத்துவேன்.”

“எங்க புது லிஃப்டுல இதுவரைக்கும் மணல் மூட்டதான் ஏத்திப் பாத்தோம். இன்னிக்கு மொத மொதல்ல ஆளு ஏறணும். நான்தான் ஏறப்போறேன்.”



“பயமா இருக்குதாமா?”

“கொஞ்சம்.”

“ரெண்டு பேரு ஏறுனா கணக்கு மாறுமா?”

“எடை மாறும். ஆனா ஒரே மாதிரி நிக்கணும்.”

“அப்ப நானும் ஏறறேன். நிக்குதான்னு பாத்துடலாம்.”

மகள் அவரையே பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

“ஒன் வெயிட்டு எவ்ளோப்பா?”