செங்கமலம் எழுதிய பத்தொன்பது கடிதங்கள்

அந்தச் சனிக்கிழமை என் வீட்டில் இருந்தவர்கள்:

டாக்டர்கள் இருவர். ஒருவர் கிழவர். மற்றவர் கப்பலிலிருந்து இறங்கி ஒரு வருஷம்கூட ஆகாத இளைஞர். இருவருக்கும் தமிழ் தெரியாது.

என் மனைவி வள்ளிநாயகி, வயது இருபத்தேழு. ஆங்கிலம் தெரியாது.

பக்கத்து வீட்டுச் சிவமணி, வயது பதினொன்று. வாசற்படியில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

நான், இராஜரத்தினம். சிங்கப்பூர் போலீஸ் கோர்ட்டில் அப்போது பதினான்கு வருஷமாகத் தமிழ் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளன்.

தேநீரும் பிஸ்கோத்தும் வைத்திருந்தோம். இரண்டு நாளாக மழை, பிஸ்கோத்து நமுத்துப்போயிருந்தது. அதற்காக டாக்டர்களிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இது 1912ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதம். நான்கு வருஷம் கழித்து இப்போது காரணம் கேட்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்க ஒன்றும் இல்லை. நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்றும் எதிர்பார்க்கவில்லை.

முதலில் என் வேலையைப் பற்றி. கோர்ட்டில் கூண்டில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பேசத் தெரியாதவர்கள். கோழி திருடியதைச் சொல்ல, அந்தக் கோழியின் தாய்க்கோழியில் ஆரம்பிப்பார்கள். மாஜிஸ்திரேட்டுக்கு வேண்டியது ஒரு வரி. அந்தக் குப்பையிலிருந்து அந்த வரியை எடுத்துக் கொடுப்பவன் நான். பதினான்கு வருஷத்தில் என்மேல் ஒரு புகார் கிடையாது.

வள்ளிநாயகி யாழ்ப்பாணத்தில் சைவப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மட்டும் படித்தவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பகல் முழுவதும் நான் கோர்ட்டில். அவள் பெண்பிள்ளைகளுக்குச் சரித்திரக் கதை எழுதத் தொடங்கினாள். 'சிறுமியர் சரித்திர வரிசை' என்று பெயர். ஒல்லாந்தர் காலத்து நாகப்பட்டினம், அதில் செங்கமலம் என்று பன்னிரண்டு வயதுப் பெண். ஒரு புத்தகத்தில் உப்புத் திருடனைப் பிடிப்பாள். இன்னொன்றில் காய்ச்சலில் கிடக்கும் மாலுமிக்குப் பதிலாகப் பாய்மரத்தில் ஏறுவாள். ஆறாவதில் கப்பலேறி மலாக்காவுக்கு வந்துவிட்டாள்.

அந்தக் காலத்தில் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் இடுப்பில் பிள்ளை இருந்திருக்கும் என்று நான் சொன்னேன்.

"அதாலதான் எழுதுறன்" என்றாள்.



தேக்காவில் அச்சுக்கூடம் வைத்திருந்த அஹமது கபீர் அவற்றை அச்சடித்தார். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: என் மனைவியின் பெயர் அட்டையில் வரக்கூடாது. அதனால் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'செங்கமலம் சொன்னது' என்று போட்டார்கள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ஈப்போவிலும் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்த பெண்பிள்ளைகள் எல்லாம் அதைப் படித்தார்கள். படித்ததோடு விடவில்லை. செங்கமலத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அச்சுக்கூடத்துக்கு வரும் கடிதங்களை நான் வெள்ளிக்கிழமைகளில் போய் வாங்கி வருவேன்.

"வாங்க துபாஷி ஐயா" என்பார் கபீர். "உங்க வீட்டுப் பொண்ணுக்கு இருபது கடுதாசி வந்திருக்கு. ஜோகூர் சுல்தானுக்குக்கூட இம்புட்டு வராது." பிறகு மேலே பார்ப்பார். "உங்க இலக்கணப் புத்தகமும் பத்திரமா இருக்கு, பரண் மேல. எலிக்கு என்ன கோபமோ, அதை மட்டும் தொட மாட்டேங்குது."

அச்சுக்கூடத்தில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒன்பது வருஷ உழைப்பில் நான் எழுதிய இலக்கண நூல் அது. நாற்பது பிரதி போயிற்று.

கடிதங்களுக்கு வள்ளிநாயகி பதில் எழுதுவாள். தன் பெயரில் எழுதமாட்டாள், செங்கமலமாகவே எழுதுவாள். மேலே 'மலாக்கா, 1662' என்று தேதி போடுவாள். 'இன்று காற்று தெற்கிலிருந்து. அப்பா கோட்டையிலிருந்து இன்னும் வரவில்லை. உன் பூனை குட்டி போட்டதா?' இப்படி. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஓர் ஒப்பந்தம் வேறு அச்சாகியிருக்கும். இதையெல்லாம் யார் எழுதுவது என்று பெரியவர்கள் கேட்டால், செங்கமலம் என்று மட்டுமே சொல்ல வேண்டுமாம். பெண்பிள்ளைகள் அதை வேதம்போல் காத்தார்கள். முட்டாள்கள்தான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவார்கள்.

அந்தப் பதில்களைத் தபாலில் போடுவது என் வேலை.

மாணிக்கத்தின் வழக்கைப் பற்றிக் கேட்டீர்கள். மாணிக்கம் மாட்டுவண்டிக்காரன். கத்திக்குத்து வழக்கு. 'அவன்தான் கத்தியோடு என் வீட்டுக்குள் வந்தான், நான் அதைப் பிடுங்கினேன்' என்று கூண்டில் நின்று சொன்னான். முன்னும் பின்னும் அரை மணி நேரம் மாட்டுக்கு வந்த நோயைப் பற்றிச் சொன்னான். மணி ஒன்று. எனக்குப் பசி. 'கத்தியைப் பிடுங்கினேன் என்கிறான்' என்று மட்டும் சொன்னேன். வழக்கு மேலே போனபோதும் அந்தப் பதிவுதான் போயிற்று. ஏழு வருஷம் கிடைத்தது. நான்காவது மாதம் சிறையில் பேதியில் செத்தான்.

செத்த செய்தி வந்த அன்று, சாப்பிடும்போது வள்ளிநாயகியிடம் இதைச் சொன்னேன். குற்ற உணர்ச்சியால் அல்ல. இந்த ஜனங்கள் எவ்வளவு பேசி எவ்வளவு குறைவாகச் சொல்கிறார்கள் என்பதற்கு உதாரணமாகச் சொன்னேன். அவள் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து கை கழுவினாள்.

மூன்று மாதம் கழித்து ஏழாவது புத்தகத்தின் கையெழுத்துப் படியை என்னிடம் கொடுத்தாள். "கபீர் காக்காவிட்டைக் குடுக்க முன்னம் வாசிச்சுப் பாருங்கோ."

வாசித்தேன். மலாக்காவில் ஒல்லாந்தர் கோர்ட்டு. கூண்டில் ஒரு படகுக்காரன். அவன் சொல்லும் ஒரு வாக்கியத்தைத் துபாஷி விழுங்கிவிடுகிறான். காரணம், அவனுக்குப் பசி. பசியைக்கூட அவள் விடவில்லை. கூட்டத்தில் நிற்கும் செங்கமலம் எழுந்து, விட்டுப்போன வாக்கியத்தை ஒல்லாந்த மொழியிலேயே சொல்கிறாள். பன்னிரண்டு வயதுப் பெண், ஒல்லாந்த மொழியில்.

"இதை மாற்று" என்றேன்.

"எதை?"

"துபாஷியை."

"மாணிக்கத்தின்ர பெண்சாதி இப்ப எங்க இருக்கிறா எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

தெரியாது என்றேன். அது உண்மை.

"எனக்குத் தெரியும். நான் போய்ப் பார்த்தனான்" என்றாள். "நான் ஒருத்தற்ற பேரும் எழுதேல்லை. வாசிக்கிறவைக்கு விளங்கினால் விளங்கட்டும்."

அதற்குப் பயந்துதான் நான் இதைச் செய்தேன் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். இல்லை. பத்து வயதுப் பெண்கள் படிக்கும் கதையைப் பார்த்துப் பயப்படுகிறவன் நான் அல்ல. பெண்பிள்ளைகளுக்குப் பொய்யைச் சரித்திரம் என்று கொடுப்பது தவறு. அதை யாராவது நிறுத்த வேண்டியிருந்தது. காரணம் அவ்வளவுதான். அந்தக் கையெழுத்துப் படியை மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். கபீரிடம் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

அந்த வாரம் முதல் பதில் கடிதங்களைத் தபாலில் போடவில்லை. மூன்று வாரத்தில் பத்தொன்பது சேர்ந்தன. பெண்பிள்ளைகள் எழுதியவற்றை எரித்தேன். அவள் எழுதிய பத்தொன்பதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. நான் செய்த மொழிபெயர்ப்புகளில் அதுதான் சிறந்தது. பூனை குட்டி போட்ட பகுதி ஆங்கிலத்திலும் நன்றாகவே வந்தது. கோர்ட்டில் என்னை நன்றாக அறிந்த கிழ டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் மனைவி 1662ஆம் வருஷத்தில் இருப்பதாக நினைத்து, இல்லாத ஒரு பெண்ணின் பெயரில் கடிதம் எழுதுகிறாள் என்றேன். அவர் இரண்டு கடிதம் படித்துவிட்டு என் தோளைத் தொட்டார். ஆறு புத்தகங்கள் இருப்பதை அவர் கேட்கவில்லை. கேட்காததை நான் சொல்வதில்லை.

வள்ளிநாயகியிடம், கல்வி இலாகாவிலிருந்து இரண்டு துரைமார் வருகிறார்கள், உன் கதைகளைப் பள்ளிக்கூடத்தில் வைக்கலாமா என்று பார்க்க, என்று சொன்னேன். பச்சைச் சேலை கட்டிக்கொண்டாள். பிஸ்கோத்து வாங்கச் சொன்னதும் அவள்தான்.

சந்தோஷத்தில் நிறையப் பேசினாள். செங்கமலம் யார் என்று கிழவர் கேட்டார். "நான் எழுதிற கதையில வாற பிள்ளை" என்றாள்.

"வருகிற ஒரு பிள்ளை என்கிறாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

எப்போது வருவாள்?

"சமையல் முடிச்சுப்போட்டு எழுத இருந்தால், பின்னேரம் பின்னேரம் வருவாள்."

"சமையல் முடிந்ததும், தினமும் மாலையில்" என்றேன்.

வயது?

"பன்னிரண்டு" என்று சிரித்தாள். "ஆனால் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின பன்னிரண்டு."

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன்.

அவள் சொல்வதை நீ கேட்பாயா என்றார் இளையவர்.

"நான் கேக்காமல் விட்டாலும் அவள் விடமாட்டாள். கதையில நான் நினைக்காததையெல்லாம் செய்துபோடுவாள். அதுக்குப் பிறகு கதை அவளின்ர கையிலதான்."

கதை என்ற சொல்லை அன்று அவள் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் நான் அதை எடுத்துவிட்டேன், எழுதுவது என்பதையும். மற்ற எல்லாம் அவள் சொன்னபடியே.

இளையவர் வாசற்படிக்குப் போய்ச் சிவமணியின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். இது என்ன என்றார். அட்டையில் இருந்ததைச் சொன்னேன்: சிறுமியருக்கான சரித்திரம். பள்ளிப் பாடப் புத்தகம் என்று அவரே எடுத்துக்கொண்டார். பிறகு, இந்த அம்மா உனக்குக் கடிதம் எழுதுவாரா என்று அவளிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

சிவமணி முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு வள்ளிநாயகியைப் பார்த்தாள். எழுந்து நின்றாள்.

"இவ இல்லை" என்றாள். "செங்கமலமக்காதான் எனக்குக் கடிதம் போடுறவா. மலாக்காவில இருந்து. இப்ப கொஞ்ச நாளாய்க் காணேல்லை, கப்பல் பிந்தியிருக்கும்."

வள்ளிநாயகி கைதட்டிச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவளுடைய ஒப்பந்தத்தைக் குழந்தை காப்பாற்றிவிட்டதே. நான் சிவமணி சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 'காரணமற்ற சிரிப்பு, கண்ணீர். சுற்றியுள்ள குழந்தையையும் பாதித்திருக்கிறது' என்று இளையவர் எழுதினார். பிள்ளையை உடனடியாக விலக்கி வைக்கச் சொன்னார். பைத்திய ஆஸ்பத்திரியில் சேர்க்கும் தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இவ்வளவு படித்த மனிதர்கள், இவ்வளவு எளிது.

பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரியும். அவள் யாழ்ப்பாணம் போய்விட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஏழாவது புத்தகத்தை வெளியிடாமல் விட்டால் கேள்வி வரும் என்பதால், கோர்ட்டுக் காட்சியை எடுத்துவிட்டு நானே முடிவு எழுதிக் கபீரிடம் கொடுத்தேன். செங்கமலம் நாகப்பட்டினம் திரும்பி, தாய்மாமனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத முடிவு.

கபீர் கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "என்ன ஐயா இது? கப்பல் ஓட்டுன புள்ள, இப்ப குழம்பு தாளிக்கிறா."

"வயது வந்துவிட்டது" என்றேன்.

"நேத்துவரைக்கும் வரலியே."

புத்தகம் வந்தது. கடிதங்கள் நின்றன. நான் எதிர்பார்த்ததும் அதுதான்.

உங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த குமாஸ்தா நூருல் அமீன் இல்லாவிட்டால் இது இங்கே வந்திருக்காது. பெண்கள் வார்டில் ஒருத்தி மாலை நேரங்களில் மற்றவர்களை உட்கார வைத்து, மலாக்கா கோர்ட்டில் ஒரு சிறுமி எழுந்து பேசிய கதையைச் சொல்கிறாளாம். அவர் அதைத் தன் மகளிடம் சொல்லியிருக்கிறார். ஏழாவது புத்தகத்தின் சரியான முடிவு அதுதான் என்று அந்தப் பெண் அழுதிருக்கிறாள். இப்படி ஒரு குமாஸ்தாவின் மகள் அழுததற்காக என்னை அழைத்திருக்கிறீர்கள். இதில் கையெழுத்துப் போட்டால் வள்ளிநாயகியை வெளியே விடலாம் என்கிறீர்கள். போடுகிறேன். எழுதியது உண்மையானால் கையெழுத்துப் போடுவதில் எனக்கு ஒருபோதும் தயக்கம் இருந்ததில்லை.

கடைசியாக, ஆஸ்பத்திரி வாசலில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள்.

செவ்வாய்க்கிழமை. கல்வி இலாகா அலுவலகத்துக்குப் போகிறோம் என்று குதிரை வண்டியில் அழைத்துப் போனேன். ஆறு புத்தகங்களையும் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். நீ இறங்கு, நான் எடுத்து வருகிறேன் என்று வாங்கி வண்டியிலேயே வைத்தேன். உள்ளே நுழையும்போதுதான் சன்னல் கம்பிகளைப் பார்த்தாள். அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள். பெண்கள் வார்டைக் கவனிக்கும் மேட்ரன், ஒரு வெள்ளைக்காரி, வள்ளிநாயகியின் கையைப் பிடித்தாள்.

வள்ளிநாயகி கத்தவில்லை. கையை இழுக்கவுமில்லை. மேட்ரனை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, கூண்டில் நிற்பவர்களிடம் நான் இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத ஒரு சுருக்கத்தோடு, தெளிவாகச் சொன்னாள்:

"நான் கதை எழுதுறனான். இவைக்கு அதை மட்டும் சொல்லுங்கோ."

என்ன சொல்கிறாள் என்றாள் மேட்ரன்.

அது கஷ்டமான வாக்கியம் அல்ல. எந்தச் சொல்லுக்கும் எனக்கு ஆங்கிலம் தெரியாமல் போகவில்லை. கவனம் சிதறவும் இல்லை.

"களைப்பாக இருக்கிறதாம், படுக்க வேண்டுமாம்" என்றேன்.

பாவம் என்றாள் மேட்ரன். தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனாள். வள்ளிநாயகி திரும்பி என் வாயையே பார்த்துக்கொண்டு போனாள், நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்பது போல. கதவு மூடியது. உள்ளே சாவி இரண்டு முறை திரும்பியது.