ஆப்பில் செழித்த ராகி

— அங்க நிக்காதீங்க சஞ்சய் தம்பி. அது வெங்கடசாமி நெலம். போன தடவையும் அங்கதான் நின்னீங்க.

— அப்ப என் நிலம் எது லட்சுமக்கா?

— நல்லா கேட்டீங்க. நெலத்துக்குச் சொந்தக்காரரு, வாரத்துக்கு உழுறவகிட்ட வழி கேக்கறாரு. இப்படி வரப்பு தாண்டி வாங்க. ஷூவுக்கு ஒண்ணும் ஆவாது. சேறாவணும்னா மழை பெஞ்சிருக்கணுமே.

— ஆகஸ்ட்ல வந்தப்ப பச்சையா இருந்துச்சே.

— அது வெங்கடசாமி போர்வெல்லோட பச்சை. அவன் பீன்ஸைப் போட்டோ புடிச்சி, ராகின்னு எழுதி, விளைச்சல் நல்லா இருக்குன்னு கவர்மெண்ட் ஆப்புல ஏத்திட்டுப் போயிட்டீங்க. இப்ப வறட்சி நிவாரணம் கேட்டுப் போனா, ஒங்க ராகி செழிப்பா இருக்கே, எதுக்கு நிவாரணம்னு ஆபீசுல கேக்கறாங்க. காஞ்ச பயிரை ஒரு கை பிடுங்கினு போயி மேசை மேல வெச்சேன். குப்பை போடாதம்மான்னாங்க.

— பெங்களூர்ல, எங்க பிரேசர் டவுன்ல பீன்ஸ் பாக்கெட்ல வரும் அக்கா. செடியா பாத்தா எனக்கு அடையாளம் தெரியாது.

— எங்கூட்டு மாட்டுக்குத் தெரியும்.

— அதையே அனுப்பியிருக்கலாம். ஓடிபி என் போனுக்கு வருது, அதான் பிரச்சனை.

— சிரிக்காதீங்க. ஆப்புல இருக்கறது தப்புன்னு சொல்ற கெடு இன்னிக்கி அஞ்சு மணியோட முடியுது. வெதை, உரம், டிராக்டர் கூலி எல்லாம் சங்கத்துல வாங்கின கடன். நிவாரணம் வரலேன்னா அந்த மாட்டைத்தான் விக்கணும்.

— ஆட்சேபணை போடத்தானே வந்திருக்கேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போட்டோல நீங்களும் வரணும்.

— நான் எதுக்கு? பஹணில, அந்த நெலப் பதிவுல, ஒங்க பேரு, பணமும் ஒங்களுக்குத்தான் போவும். உங்கப்பா இருந்தப்ப ரெண்டு தடவை நிவாரணம் வந்துச்சி. ரெண்டு தடவையும் அவருக்கு. உழுறது நாந்தான்னு ஒரு காகிதமாச்சும் எழுதிக் குடுங்க சாமின்னேன். நமக்குள்ள எதுக்கு லட்சுமம்மா காகிதம்னு சிரிச்சாரு. பதினோரு வருஷமா நானும் சிரிச்சிக்கினே இருக்கேன்.

— பயிர் செய்தவர்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல உங்க பேரைத்தான் போட்டிருக்கேன். பாஸ்புக்கைக் காட்டுங்க, நம்பர் போடணும்.

— எம் பேரையா? ஏன் தம்பி, ஒடம்புக்கு எதுனா சரியில்லையா?

— நல்ல மனசுன்னு சொல்லிக்க ஆசைதான். மார்ச்லயே எனக்கு வேலை போயிடுச்சு அக்கா. போன வருஷம் வருமான வரி கட்டியிருக்கேன், அதனால அரசாங்கத்துக்கு நான் இன்னும் பணக்காரன். என் பேர்ல போட்டா தள்ளிடுவாங்களாம்.

— அதான பாத்தேன். காரைக் காணோமேன்னு.

— வித்தாச்சு. ஆனேக்கல் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன். இதோ, பதிவாயிடுச்சு. பணம் நேரா உங்க கணக்குக்கு வந்துடும்.

— நெசமாவா? எங்க, அந்தப் பேரை இன்னொரு தடவை காட்டுங்க.

— லட்சுமம்மா, பயிர் செய்தவர். அக்கா, ஒண்ணு கேக்கலாமா? பணம் வந்ததும் பாதி எனக்குக் குடுத்தீங்கன்னா இந்த மாச வாடகைக்கு ஆகும். தப்பா எடுத்துக்காதீங்க, சின்னதா ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கலாமா?

— மொகமே வாடிப்போச்சே தம்பி. வூட்டுக்கு வாங்க, போன வருஷத்து ராகில களி கிண்டியிருக்கேன், மொதல்ல சாப்புடுங்க. நமக்குள்ள எதுக்கு காகிதம்?